விண்டோஸ் 10 காலாவதி: பழைய கணினியைத் தூக்கி வீச வேண்டுமா?

ஊர்காவற்றுறையில் தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். சில வாரங்களுக்கு முன் நயினாதீவிலிருந்து ஒரு சகோதரர் தனது கணினிப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"இனி இது சரிவராதாம், புதுசு வாங்கட்டாம் எண்டு கம்பியூட்டரே சொல்லுது. உண்மையா தம்பி?" என்று கேட்டார்.

"பாதி உண்மை நானா" என்றேன்.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. அதற்காகக் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைக்கப்பட மாட்டா. 2017 மே மாதம் 'வனாகிரை' என்ற நச்சு நிரல் உலகெங்கும் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அதை ஏற்றாத கணினிகள்தான்.

அப்படியானால் விண்டோஸ் 11 ஐப் போட்டுவிடலாமா? அதற்கு 4 ஜிபி ரெம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் தேவை. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே போதும். தகுதியுள்ள கணினிக்கு விண்டோஸ் 10 இலிருந்து மாறுவது இலவசம். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அவற்றுக்குத் தொடர்ந்து இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை.

தகுதியற்ற கணினிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2026 ஒக்டோபர் 13 வரையான நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைச் சேமித்தால் பணம் கட்டத் தேவையில்லை. மற்றையது, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம். கடிதம் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் மாறுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நமது தீவகத்துக்கென்று சில சிக்கல்களும் உண்டு. விண்டோஸ் 11 ஐத் தரவிறக்கப் பல ஜிபி டேட்டா வேண்டும். போன் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் பென் டிரைவில் எடுத்துவருவது நல்லது. நயினாதீவும் நெடுந்தீவும் தேசிய மின்கட்டமைப்புடன் இணைக்கப்படாதவை. ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் கணினி திரும்ப எழும்பாமலே போகலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை பிரதி எடுப்பது. விண்டோஸ் 7 இலிருந்து மாறிய காலத்தில், அவசரத்தில் பிரதி எடுக்காமல் ஒருவரின் கணினியைத் துடைத்துவிட்டேன். அவரது மூன்று வருடக் கடைக் கணக்கு போய்விட்டது. அவர் ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மற்றவரின் கோப்பு நம் கையில் அமானிதம். கோப்புகளோடு பாமினி எழுத்துருவையும் பிரதி எடுங்கள். அது இல்லாவிட்டால் பழைய தமிழ்க் கடிதங்கள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

நயினாதீவுச் சகோதரரின் கணினி ஆறாம் தலைமுறை. ஜமாஅத் சந்தாக் கணக்கையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் இரண்டு பென் டிரைவ்களில் எடுத்துக் கொடுத்து, நீடிக்கப்பட்ட திட்டத்தில் பதிந்து அனுப்பினேன். அந்தத் தவணை முடியுமுன் லினக்ஸா, புதுக் கணினியா என்று அவர் ஆறுதலாக முடிவெடுக்கலாம்.

திரையில் அறிவித்தல் வந்தவுடன் கடன்பட்டுப் புதுக் கணினி வாங்காதீர்கள். அதற்காக அறிவித்தலை மூடிவிட்டுச் சும்மாவும் இருந்துவிடாதீர்கள்.