மோட்டார் வண்டியில் ரேடியோ இரைச்சல்

புயலால் கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுப் போன வேளையில், லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர் தமது மோட்டார் வண்டியிலிருந்தே வெளியூருக்குச் செய்தி அனுப்பக்கூடும். அச்செய்தியில் ஊர்ப் பெயர் ஒன்று இரைச்சலில் மறையுமாயின் நிவாரணப் படகு வேறிடம் போய்ச் சேரும். தூரத்திற்கு ஒன்றும் அண்மைக்கு ஒன்றுமாக இரண்டு ரேடியோக்களை அமைத்த வண்டியில் இத்தொல்லை அதிகம்.

முதலில் எஞ்சினை நிறுத்திக் கேட்கவேண்டும். இரைச்சல் அடங்கினால் குற்றம் எஞ்சினுடையது. வேகத்தோடு விரையும் ‘டிக் டிக்’ ஓசை ஸ்பார்க் பிளக்கினின்று வருவது. 1887-ல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் ரேடியோ அலைகளை உண்டாக்கியதும் மின்பொறியைக் கொண்டன்றோ! மின்தடை உள்ள பிளக்குகளை மாட்டினால் இது தணியும். வேகத்தோடு உயரும் சீழ்க்கை ஆல்டர்னேட்டருடையது.

எஞ்சின் நின்றபின்னும், ஒரு ரேடியோவில் பேசும்போது மற்றது இரைந்தால், இரைகின்றதன் ஏரியலை மட்டும் கழற்றிச் சோதிக்க. (ஏரியலின்றி எந்த ரேடியோவிலும் பேசும் பொத்தானை அழுத்தலாகாது; கருவி பழுதாகக்கூடும்.) ஓசை நின்றால் அது ஏரியல் வழியே வந்தது: ஏரியல்களை விலக்கி வைத்து, அனுப்பும் சக்தியையும் குறைக்கவேண்டும். நிற்காவிடில் பெரும்பாலும் கம்பி வழியே வந்ததாகும். ஒவ்வொன்றுக்கும் பாட்டரியிலிருந்து தனிக்கம்பி இழுத்து, பாட்டரியருகே பியூஸ் வைத்து, கம்பியின்மேல் பெரைட் வளையம் மாட்டுக. வழியறியுமுன் பில்டர் வாங்குவது வீண்செலவே.

கைப்பேசி சார்ஜரையும் ஒருமுறை பிடுங்கிப் பார்ப்பது நலம். சிற்சில வண்டிகளில் குற்றவாளி அதுவே.