அல்கொனாக்: வேகப்படகுகள் பிறந்த ஆற்றங்கரை



அமெரிக்காவுக்குக் காரில் போகும்போது சார்னியாவில் புளூவாட்டர் பாலத்தை நம்மில் பலர் கடந்திருப்போம். கீழே ஓடுவது சென் கிளயர் ஆறு. இந்த ஆறு சென் கிளயர் ஏரியைச் சேருமுன், மிச்சிகன் கரையில் அல்கொனாக் என்ற சிற்றூர் இருக்கிறது. எதிர்க்கரை நமது ஒன்ராறியோ; அங்கே வால்போல் தீவு முதற்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் உலகின் அதிவேகப் படகுகள் அல்கொனாக்கில்தான் செய்யப்பட்டன. அது எப்படி வந்தது, ஏன் போனது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

தொடக்கம் வாத்து வேட்டைதான். ஆறு இங்கே பல கிளைகளாகப் பிரிந்து நாணல் மண்டிய சதுப்பு நிலமாகிறது. வேட்டைக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர், 1861இல் பிறந்த கிறிஸ்தோபர் கொலம்பஸ் ஸ்மித். தன் சகோதரருடன் சேர்ந்து சிறு படகுகள் செய்து விற்றார். முறையாகப் படித்த பொறியியலாளர் அல்லர். பெற்றோல் இயந்திரம் வந்ததும் அதைப் படகில் பூட்டி வேகத்தைத் தேடத் தொடங்கினார்.

இங்கே ஒரு விடயத்தை விளக்க வேண்டும். சாதாரணப் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகம் கூடும்போது தான் எழுப்பிய அலையே அதற்குத் தடையாகிவிடும். ஆனால் அடிப்பாகத்தைத் தட்டையாக அமைத்து, போதிய வலுவுள்ள இயந்திரத்தைப் பூட்டினால், தண்ணீர் படகை மேலே தூக்கிவிடும். குளத்தில் எறிந்த சில்லுக்கல் தத்திப் போவதைப் போல அது தண்ணீரின் மேல் சறுக்கிப் போகும். அடியில் குறுக்காக ஒரு படி வைத்தால், தண்ணீரில் படும் பரப்பு இன்னும் குறையும். இது ஸ்மித்தின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் இதை மரத்தில் செய்து, ஓட்டிப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்துவதில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே.

1915இல் அவர் செய்த 'மிஸ் டிட்ரோயிட்' தங்கக் கிண்ணப் போட்டியில் வென்றது. அடுத்த ஆண்டு அந்தப் படகை வாங்கியவர் கார் வூட். லொறியின் பெட்டியைத் தூக்கிச் சாய்க்கும் நீரியல் தூக்கியைக் கண்டுபிடித்துச் செல்வந்தரானவர் அவர். 1917 முதல் 1921 வரை ஐந்து முறை தொடர்ந்து தங்கக் கிண்ணம் அவருக்கே கிடைத்தது. 1920இல் 'மிஸ் அமெரிக்கா' இங்கிலாந்துக்குச் சென்று ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்தையும் வென்று வந்தது.

1922இல் ஸ்மித் தன் பிள்ளைகளுடன் தனி நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னர் 'கிறிஸ் கிராவ்ற்' என்று உலகப் புகழ் பெற்றது. பந்தயத்தில் கற்றதைக் கொண்டு, குடும்பங்கள் ஏறி உலாவக்கூடிய மகோகனிப் படகுகளைச் செய்து விற்றார்கள். அவர்களுக்குப் பந்தயம்தான் பரிசோதனைக்கூடம். அதுவே விளம்பரமும் கூட.

வூட் பந்தயத்தை விடவில்லை. 1932இல் அவருடைய 'மிஸ் அமெரிக்கா 10' அல்கொனாக்கில் மணிக்கு 124 மைலுக்கு மேல், அதாவது சுமார் 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. 38 அடி நீளமான அந்தப் படகில் நான்கு பக்கார்ட் இயந்திரங்கள் இருந்தன. அவற்றின் மொத்த வலு 6,400 குதிரைவலு. ஓட்டிய வூட்டின் பெயர் பத்திரிகைகளில் வந்தது. அவருக்காகப் படகு கட்டிய தச்சர் நப்போலியன் லிசீயை அறிந்தவர்கள் குறைவு. என் பார்வையில், இந்த ஊரின் உண்மையான சொத்து அவரைப் போன்றவர்களின் கைதான்.

இரண்டாம் உலகப் போரின்போது கிறிஸ் கிராவ்ற் படையினரைக் கரையிறக்கும் படகுகளை ஆயிரக்கணக்கில் செய்தது. போருக்குப் பின் கண்ணாடியிழை வந்தது. மரப்படகுக்கு ஒவ்வொரு பலகையையும் அளந்து, வளைத்து, இழைத்துப் பொருத்தத் தெரிந்த தச்சர்கள் வேண்டும். கண்ணாடியிழைக்கு ஒரு அச்சு போதும். அந்த அச்சை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். 1960இல் ஸ்மித் குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் போயிற்று. 1970களின் தொடக்கத்தோடு அதன் மகோகனிப் படகுகளும் முடிவுக்கு வந்தன. கிறிஸ் கிராவ்ற் இன்றும் இருக்கிறது, ஆனால் புளோரிடாவில்.

அல்கொனாக்கின் வரலாற்றுச் சங்கம் பழைய நினைவுகளை அருங்காட்சியகத்தில் பேணி வருகிறது. அது நல்ல காரியம். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, வட மிச்சிகனில் சீடர்வில் என்னும் ஊரில் 2007இல் தொடங்கிய படகு கட்டும் பள்ளி. இளையோர் அங்கே மரவேலையைக் கையால் செய்து பழகுகிறார்கள். வென்ற கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம். ஆனால் கைத்தொழிலை இன்னொருவர் கைக்குப் பழக்கித்தான் காப்பாற்ற முடியும்.

கோடையில் சார்னியாப் பக்கம் போகிறவர்கள், ஆற்றை ஒட்டிய வீதியில் தெற்கே வால்போல் தீவு வரை போய்ப் பாருங்கள். எதிர்க்கரையில் தெரிவது அல்கொனாக். பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.