எட்டாவது புள்ளி

சென்ற வாரம் கமடோர் 64-இன் ஸ்ப்ரைட்டுகளைப் பார்த்தோம். விமானம் பறக்கிறது, குண்டு பாய்கிறது. ஆனால் விமானம் பறப்பதாக நம் கண் நம்ப வேண்டுமானால் அதன் கீழே நிலம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மெகாஹெர்ட்ஸைத் தொட்டும் தொடாமலும் ஓடும் ப்ராசஸரை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

திரையில் 40 பத்திகள், 25 வரிகள், ஆக 1000 கட்டங்கள். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பது நினைவகத்தில் 1024-ஆம் முகவரி தொடங்கி வரிசையாக இருக்கும். பேசிக்கில் ப்ரிண்ட் போட்டுக்கொண்டே போனால், கடைசி வரி நிறைந்ததும் திரை ஒரே தாவலில் எட்டுப் புள்ளி மேலே ஏறும். ப்ரோக்ராமைப் படித்துப் பார்க்க அது போதும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டால் வேகம்கூடக் குறையும். விளையாட்டில் அப்படித் தாவினால் கண் வலிக்கும்.

படம் வரையும் சிப்பான விக்-டூ இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. 53270 என்ற முகவரியின் கடைசி மூன்று பிட்டுகளில் 0 முதல் 7 வரை ஓர் எண்ணைப் போட்டால், திரை முழுவதும் அத்தனை புள்ளி பக்கவாட்டில் தள்ளி நிற்கும். ப்ராசஸருக்கு வேலையே இல்லை. ஏழில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்தால் படம் இடப்பக்கம் வழுக்கும். அதே முகவரியில் இன்னொரு பிட்டை மாற்றினால் 40 பத்தி 38 ஆகும். ஓரத்தில் எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டு நுழைவதும் வெளியேறுவதும் அந்த மறைப்புக்குள் போய்விடும்.

பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல். எண்ணைத் திரும்ப ஏழாக்க வேண்டும். அதே நொடியில் ஆயிரம் எழுத்துகளையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். சுழலே இல்லாமல், எடு-வை, எடு-வை என்று ஆயிரம் முறை எழுதிவைத்தாலும் ஓர் எழுத்துக்கு ப்ராசஸரின் எட்டு சைக்கிள், அதாவது எட்டு கடிகாரத் துடிப்பு, ஆகும், மொத்தம் 8000. ஐரோப்பிய டிவிக்கான கமடோரில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே 19,656 சைக்கிள்தான். அதிலும் எட்டுப் புள்ளி-வரிக்கு ஒரு முறை விக்-டூ குறுக்கே புகுந்து நாற்பதுக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும். இசை, எதிரிகள், மோதல் கணக்கு எல்லாம் மிச்சத்தில் நடந்தாக வேண்டும்.

ஏழு புள்ளிகள் இலவசமாக நகரும்போது ப்ராசஸர் ஏன் சும்மா இருக்க வேண்டும்? நாடகத்தில் முன்திரைக்கு முன்னால் ஒரு காட்சி நடக்கும்போதே பின்னால் அடுத்த செட்டைப் போட்டுவிடுவார்களே, அதேபோல நினைவகத்தின் வேறொரு மூலையில் அடுத்த திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவைத்தார்கள். எட்டாவது புள்ளி வந்ததும் 53272-இல் ஓர் எண்ணை மாற்றினால் போதும், திரை மாறிவிடும்.

வண்ணத்திடம் இந்த வித்தை பலிக்காது. கட்டங்களின் நிறம் 55296-இல் தனியாக இருக்கிறது. அதை இடம் மாற்ற முடியாது, இன்னொரு பிரதியும் கிடையாது. ஆயிரம் நிறங்களையும் எட்டாவது புள்ளியிலேயே நகர்த்தியாக வேண்டும். எழுத்துகள் இல்லாத மேல்-கீழ் ஓரங்களைப் படம் வரையும் டிவியின் கதிர் கடக்கும் நேரம் ஏறக்குறைய 7000 சைக்கிள், தேவையோ 8000. அதனால் அந்தக் கதிரைத் துரத்தினார்கள். அது மேல்பாதியை வரைந்து முடித்துக் கீழே இறங்கியதும், அதன் முதுகுக்குப் பின்னால் மேல்பாதியின் நிறங்களை மாற்றிவிடுவது. கீழ்ப்பாதியும் முடிந்ததும், கதிர் மறுபடி மேலே வருவதற்குள் மிச்சத்தை மாற்றிவிடுவது. ஒரு வரி பிசகினாலும் நிறம் கிழிந்து தெரியும்.

1986-இல் ஆண்ட்ரூ ப்ரேப்ரூக் எழுதிய யுரிடியம் விளையாட்டைப் பாருங்கள். துத்தநாகம், ஈயம், செம்பு என்று உலோகப் பெயர் தாங்கிய போர்க்கப்பல்கள், உடல் முழுக்க ஒரே உலோகப் பளபளப்பு. எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே நிறம் என்றால் வண்ண நினைவகத்தைத் தொடவே வேண்டாம். அந்த அழகையும் சிக்கனத்தையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

துணிந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். எழுத்து வரியை விக்-டூ படிக்கத் தொடங்கும் தருணத்தைச் சில சைக்கிள் தாமதப்படுத்தினால், எத்தனை சைக்கிளோ அத்தனை கட்டம் திரை தானாகவே தள்ளி நிற்கிறது, நிறங்களோடு சேர்ந்தே. ஒரு பைட்டைக்கூட நகர்த்த வேண்டாம். இதை விஎஸ்பி என்பார்கள். ரோலண்ட்ஸ் சகோதரர்கள் 1993-இல் வெளியிட்ட மேஹெம் இன் மான்ஸ்டர்லேண்ட் விளையாட்டு இதை வைத்துத்தான் அவ்வளவு வேகமாக ஓடுகிறது. ஆனால் சில கமடோர்களில் அதே வித்தை நினைவகத்தைக் கெடுத்து இயந்திரத்தையே நிறுத்திவிடும். எல்லாக் கமடோரிலும் அல்ல, சிலவற்றில் மட்டும்.

காரணத்தை ஸ்வீடனின் லினுஸ் ஓகெசன் 2013-இல் விளக்கினார். தவறான நேரத்தில் குறுக்கிடுவதால் நினைவக சிப்புக்குப் போகும் முகவரி பாதியில் தடுமாறுகிறது. பதினாறடிமானத்தில் 7 அல்லது எஃப்பில் முடியும் முகவரிகள்தான் பாதிக்கப்படுகின்றன. நினைவகத்தின் ஒரு பக்கத்துக்குள் அந்த முகவரிகளில் எல்லாம் ஒரே மதிப்பை வைத்துவிட்டால், ஒன்றின் மதிப்பு இன்னொன்றில் போய் விழுந்தாலும் எதுவும் கெடாது. இப்படி எழுதினால், முன்பு நின்றுபோன கமடோரிலும் விஎஸ்பி ஓடும்.

அடுத்த வாரம் ஸ்பெக்ட்ரம் கணினி. அதில் 53270-க்கு இணையான வசதி எதுவும் இல்லை. திரையின் 6144 பைட்டுகளையும் ப்ராசஸரே தூக்கிச் சுமந்தது.