தோலுக்கு அடியில் – 17: கட்டியைக் கரைத்த காய்ச்சல்

போன வாரம் சோரியாசிஸ் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டில் நிறுத்தினோம். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் சோரியாசிஸுக்கு பயாலஜிக் ஊசி, அதாவது அழற்சியைத் தூண்டும் பொருளைக் குறிவைத்து முடக்கும் ஊசி, போட்டுக்கொள்ளலாமா என்பது இந்த வாரக் கேள்வி. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு முன்கதை போதும்.

பதில் தேடப் போன இடத்தில் 1891-ம் ஆண்டு நியூயார்க் என்னைப் பிடித்துக்கொண்டது.

வில்லியம் கோலி அங்கே இளம் அறுவை மருத்துவர். சர்கோமா என்ற புற்றுநோய் வந்த 17 வயதுப் பெண் ஒருத்தியின் கையை எடுத்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. மனம் ஆறாத கோலி, மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சர்கோமா வந்த ஒருவரின் கதை சிக்கியது. அறுக்க அறுக்க முளைத்த கட்டி அது. கடைசியில் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறி, தோல் செக்கச் சிவந்து, காய்ச்சல் கொளுத்தியிருக்கிறது. காய்ச்சல் விட்டபோது கட்டியைக் காணோம்! கோலி விடவில்லை. ஏழைக் குடியேறிகளின் குடியிருப்புகளில் அலைந்து ஆளையே கண்டுபிடித்துவிட்டார். கட்டி திரும்பவே இல்லை.

பிறகு கோலி தன் நோயாளிகளுக்கு அந்தக் கிருமியையே ஊசியில் ஏற்றினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலரைக் கிருமியே கொன்றது. அதன்பின் செத்த கிருமிகளுக்கு மாறினார். கதிர்வீச்சு வந்ததும் உலகம் அவரை மறந்தது. அவருடைய காகிதங்களைத் தூசி தட்டியவர் மகள் ஹெலன். மருத்துவம் படிக்காத அவர்தான் 1953-ல் புற்றுநோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்கென்று ஒரு நிறுவனத்தையே தொடங்கினார்.

(இடையில் ஒன்று: தொண்டையில் இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய சில வாரங்களில், உடம்பெங்கும் பொட்டுப் பொட்டாகச் சோரியாசிஸ் கிளம்புவது தோல் மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி.)

கிருமி எப்படிக் கட்டியைக் கரைக்கிறது என்ற தேடலில், 1975-ல் ஆய்வாளர் லாயிட் ஓல்டின் குழு சில எலிகளுக்கு பி.சி.ஜி. கொடுத்தது. நம் தோளில் தழும்பாகக் கிடக்கும் அதே பி.சி.ஜி.தான். அடுத்து பாக்டீரியா நச்சைச் செலுத்தி, அந்த எலிகளின் சீரத்தை எடுத்துக் கட்டியுள்ள வேறு எலிகளுக்கு ஏற்றினார்கள். கட்டி கறுத்துச் செத்தது. அதைச் செய்த பொருளுக்கு டி.என்.எஃப்., அதாவது கட்டியைச் சாகடிக்கும் காரணி, என்று பெயரிட்டார்கள்.

சோரியாசிஸில் அதே டி.என்.எஃப். தோலில் அளவுமீறிச் சுரக்கிறது; அழற்சி மூள்கிறது, செதில் அடுக்கடுக்காய் எழும்புகிறது. எடானெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள் அதைத்தான் முடக்குகின்றன. புற்றைக் கொன்ற பொருளையே முடக்கினால் பழைய புற்று தலைதூக்காதா? நியாயமான பயம். அண்மையில் புற்றுநோய் வந்தவர்களை மருந்துச் சோதனைகளில் சேர்க்காததால், அங்கே விடை கிடைக்கவில்லை.

1999-ல் லண்டன் ஆய்வாளர்கள் கதையைத் திருப்பிப் போட்டார்கள். டி.என்.எஃப். அறவே இல்லாத எலிகளின் தோலில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைப் பூசினார்கள். மற்ற எலிகளைவிட அவற்றுக்குக் கட்டிகள் மிகக் குறைவு! அழற்சியை வளர்க்கும் டி.என்.எஃப்., சில சமயம் புற்றுக்கும் தீனி போடுகிறது.

மனிதர்களைப் பற்றிய தொகுப்பாய்வுகளிலும், இந்த ஊசி போட்ட பழைய புற்றுநோயாளிகளுக்கு நோய் திரும்புவது கூடியதாகத் தெரியவில்லை. இதிலும் ஒரு சந்தேகம் மிச்சம். அவர்களில் பெரும்பாலோர் சோரியாசிஸுக்கு அல்ல, மூட்டு, குடல் நோய்களுக்கு இதே ஊசியைப் போட்டவர்கள். மருத்துவர்களும் ஆபத்து குறைந்தவர்களாகப் பார்த்துத்தானே ஊசி போட்டிருப்பார்கள்?

அதனால்தான் என்ன புற்றுநோய், எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டு என்று தோல் மருத்துவர் துருவுகிறார், புற்றுநோய் மருத்துவரையும் கலந்துகொள்கிறார். ஐந்தாண்டு நோயின்றிக் கடந்திருந்தால் தயக்கம் குறைகிறது. மெலனோமா, லிம்ஃபோமா என்றால் கூடுதல் எச்சரிக்கை. அதற்காகப் பழைய வழிகள் பத்திரம் என்றும் சொல்ல முடியாது: பூவா ஒளி சிகிச்சை நீண்டால் தோல் புற்றுக்கே வழிவிடும், சைக்ளோஸ்போரினும் சந்தேகப் பட்டியலில்தான்.

மீண்டவர்களுக்கு மருத்துவர்கள் இப்போது அதிகம் நாடுவது ஐ.எல்.-17, ஐ.எல்.-23 என்ற அழற்சிப் பொருள்களை முடக்கும் பயாலஜிக் ஊசிகளை. இந்த வாரம் அவற்றைத்தான் எழுதியிருக்க வேண்டும், கோலி இடத்தைத் தின்றுவிட்டார். அடுத்த வாரம் அவையும் அவற்றின் விலையும். அதற்குள் தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

(தொடரும்)