பழைய காரும் இன்றைய சாலையும்

நமது பெரிய மார்க்கெட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் யோசனை கேட்டார். அவருடைய தந்தையார் 1972-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 கார் வீட்டு வாசலில் நிற்கிறது. "இரும்புக் கடைக்குப் போட மனசு வரலை. ரோட்டில் எடுக்கவும் பயமா இருக்கு" என்றார்.

அவருடைய தயக்கம் நமக்குப் புரிகிறது. அந்நாளில் அம்பாசடரோ பியட்டோ வேண்டுமென்றால் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாசலில் கார் நின்றால் கடைக்கே ஒரு மதிப்பு. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கே அந்த விலை!

முதலில் சட்டம். 2021-இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 ஆண்டு கடந்து, அசல் நிலை மாறாத சொந்த வாகனங்களை அதில் பதியலாம். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டவோ தொழிலுக்குப் பயன்படுத்தவோ கூடாது. சாதாரணப் பதிவிலேயே வைத்திருந்தால் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். சொந்த வேலைக்கு ஓட்டலாம். எப்படிப் பதிந்தாலும் அது சரக்கு வண்டி ஆகாது. அரிசி மூட்டை ஏற்றும் எண்ணம் வேண்டாம்.

அடுத்தது எஞ்சின். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான். எனவே ஹெட்டைப் பிரிக்கும்போது கடினமான இருக்கைகள் போடச் சொல்லுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். நமது கடற்கரை ஊரில் சும்மா நிற்கும் டாங்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாய்களை மாற்றுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

மூன்றாவது சாலை. பழைய காரின் விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. நேரு வீதி நெரிசலில் வண்டி ஊர்ந்தால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ரேடியேட்டர் கொதிக்கும். காலை நேரத்தில் எடுப்பதே நல்லது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னே போகும் புது வண்டி சட்டென்று நிற்கும், நம் வண்டி நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரு மடங்கு இடைவெளி விடுங்கள். சீட் பெல்ட் இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள்.

அன்பரிடம் நாம் கேட்டது ஒன்றே: "காரை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" வெள்ளிக்கிழமைதோறும் தாயாரை மணக்குள விநாயகர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார். அப்படியானால் விண்டேஜ் பதிவு அவருக்கு ஒத்து வராது. சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கவும், பிரேக்குக்கு முதல் செலவு செய்யவும் சொன்னோம்.

வாசலில் பழைய கார் நிற்கும் உறுப்பினர்கள் இன்றே ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் தேதியையும் எடுத்துப் பாருங்கள். சரக்குக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் நாம், அப்பா விட்டுச் சென்ற காருக்கும் பார்க்க வேண்டாமா?