ஷோரூம் பில்லின் கடைசி ஆறு வரிகள்

மக்களே, பிளேஸ்மெண்ட் சீசன் முடிஞ்சாச்சு. ஹாஸ்டல்ல இப்போ பாதி பேர் மொபைல்ல வண்டி ரிவ்யூதான் ஓடுது. எந்த வண்டி நல்லதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அந்தச் சண்டை நம்ம குரூப்ல ஏற்கெனவே நடந்துட்டு இருக்கு. வண்டியை முடிவு பண்ணின பிறகு ஷோரூம் டேபிள்ல உட்காருவீங்க பாருங்க, அந்த அரை மணி நேரத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது எங்க வீட்டுக்கு ஒரு 125 சிசி ஸ்கூட்டர் வாங்கினோம், 36 மாச லோன்ல. எக்ஸ்-ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் போட்ட பிறகு கீழே இன்னும் ஆறு வரி இருந்துச்சு. ஹேண்ட்லிங் சார்ஜ் 1,500. ஆக்சஸரீஸ் கிட் 3,600. டெஃப்ளான் கோட்டிங் 1,100. எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,900. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் 600. நம்பர் பிளேட் 300. மொத்தம் 9,000 ரூபாய்.

நான் ஏதோ கேக்க வாயெடுத்தேன். அப்பா டேபிளுக்குக் கீழே என் கையை அழுத்தினார். "நல்ல நாள் அதுவுமா கணக்குப் பாக்காதடா"ன்னு மெதுவா சொன்னார். நிஜக் காரணம் அது இல்லன்னு எனக்குத் தெரியும். ஏசி ரூம், டை கட்டின ஆள், பேசுற வார்த்தை முழுக்க இங்கிலீஷ். "இது எதுக்குங்க?"ன்னு கேட்டா காசில்லாத ஆளுன்னு நினைச்சிடுவாங்களோன்னு ஒரு கூச்சம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கே அந்த வார்த்தைகள்ல பாதிக்கு அர்த்தம் தெரியல, அது வேற விஷயம்.

அந்த பில்லை நான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சதே போன செமஸ்டர்லதான்.

முதல்ல, கட்டியே ஆக வேண்டியது எது? எக்ஸ்-ஷோரூம் விலை. ஜி.எஸ்.டி. அதுக்குள்ளேயே அடங்கிடும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் 28 சதவீதம் 18 ஆகியிருக்கு. அடுத்து ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம். அப்புறம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். சுப்ரீம் கோர்ட் உத்தரவால 2018 செப்டம்பர் 1-ல இருந்து புது டூவீலருக்கு இதை 5 வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கணும். சட்டப்படி கட்டாயம்னா முக்கியமா இதெல்லாம்தான். ஹேண்ட்லிங் சார்ஜ்ங்கிறது அரசாங்கத்துக்குப் போற காசு இல்ல. குடோன்ல இருந்து வண்டியை ஷோரூமுக்குக் கொண்டு வர்றது டீலரோட வேலை. அதுக்கு நாம ஏன் தனியா கட்டணும்?

நம்பர் பிளேட் இன்னும் கொடுமை. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிக்கு ஹை செக்யூரிட்டி பிளேட்டை கம்பெனியே வண்டியோட தரணும், விலையும் வண்டி விலைக்குள்ளேயே சேர்ந்திடும். ஹெல்மெட்டும் அப்படித்தான். மத்திய மோட்டார் வாகன விதி 138-படி, புது டூவீலரோட ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் ஒண்ணு வரணும். பின்சீட்ல உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்துல மாட்டாம இருக்க கார்டு, இது மூணும் விதி 123-ல வருது. எங்க ஆக்சஸரீஸ் கிட்ல அந்த சேலை கார்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்காங்க.

டெஃப்ளான் கோட்டிங் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. அது ஒரு பாலிஷ். சில மாசம் மின்னும், அப்புறம் போயிடும்.

இப்போ எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு வருவோம். இங்கதான் நம்ம சிலபஸ் உதவும். ரிலையபிலிட்டி எலெக்டிவ்ல பாத்டப் கர்வ்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா? எந்த மெஷினா இருந்தாலும் புதுசுல கொஞ்சம் அதிகமா ஃபெயில் ஆகும். தயாரிப்புக் கோளாறு எல்லாம் அப்பவே வெளிய வந்திடும். அப்புறம் பல வருஷம் பிரச்சனை இல்லாம ஓடும். கடைசியில தேய்மானத்தால மறுபடியும் ஃபெயிலியர் ஏறும். கிராஃப் போட்டா குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கும். தொட்டியோட முதல் சுவரைக் கம்பெனி வாரண்டி பாத்துக்கும். எங்க வண்டிக்கு அது 3 வருஷம். எக்ஸ்டெண்டட் வாரண்டி கவர் பண்றது 4-வது, 5-வது வருஷம். அது தொட்டியோட தரை.

சரி, கடைசிச் சுவர்? கண்டிஷன்ஸ் பேப்பரைப் படிங்க. பிரேக் ஷூ, கிளட்ச், பெல்ட், டயர், பல்ப், ரப்பர் பார்ட்ஸ், பேட்டரி எல்லாம் பொதுவா "கவர் ஆகாது" லிஸ்ட்ல இருக்கும். அதாவது எது நிச்சயமா தேயுமோ அது உங்க செலவு. போதாததுக்கு ஒரு சர்வீஸை லேட்டா விட்டாலோ, வெளி மெக்கானிக்கிட்ட விட்டாலோ, அதையே காரணம் காட்டி கிளைமை மறுக்கலாம்.

கணக்கையும் போட்டுப் பாருங்க. வாரண்டி விலை 1,900. கவர் ஆகுற ஒரு பெரிய ரிப்பேர் 9,500 ரூபாய்னு வெச்சுப்போம். 1,900-ஐ 9,500-ஆல வகுத்தா 0.2. அந்த இரண்டு வருஷத்துல ஐந்துல ஒரு வண்டிக்கு அவ்வளவு பெரிய கோளாறு வந்தாதான் காசுக்குச் சரியாகும். உண்மையா எத்தனை வண்டி ஃபெயில் ஆகுதுன்னு டேட்டா வெச்சிருக்கிறது கம்பெனிதான், நாம இல்ல. அந்த டேட்டாவைப் பாத்து, டீலர் கமிஷனையும் சேர்த்துத்தான் விலை வெப்பாங்க. சராசரியா நமக்கு நஷ்டம்தான்.

அப்போ எடுக்கவே கூடாதா? அப்படியும் இல்ல. சராசரி நஷ்டம்னு தெரிஞ்சும் இன்சூரன்ஸ் எடுக்குறோமே, ஏன்? ஒரே அடியில நம்மால தாங்க முடியாத செலவு வந்திடக் கூடாதுன்னுதான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அந்த வகை. அதுல வண்டி விலையில பெரிய பங்கு பேட்டரி பேக்தான். அது போச்சுன்னா ஒரு மாச சம்பளம் போதாது. அதனால 8 வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர்னு வர்ற பேட்டரி வாரண்டியை நான் எடுப்பேன். எடுக்கும்போது, பேட்டரியோட ஹெல்த் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனா மாத்தித் தருவாங்கன்னு எழுத்துல இருக்கான்னு பாப்பேன். "பேட்டரிக்கு கியாரண்டி தம்பி"ங்கிற வாய்ப்பேச்சு எண்ணிக்கையில சேராது.

பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு விஷயமும் யாரும் சொல்றதில்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பொதுவா கம்பெனி வாரண்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். லேட்டானா விலை கொஞ்சம் ஏறலாம். ஆனா இரண்டு வருஷம் ஓட்டிப் பாத்து, அந்த மாடல்ல எது புட்டுக்குதுன்னு தெரிஞ்ச பிறகு முடிவு பண்றது புத்திசாலித்தனம். டெலிவரி அன்னிக்கே முடிவு பண்ண வேண்டிய அவசியம் இல்ல.

ஆட்-ஆன்லயே நான் மனசார சிபாரிசு பண்றது ஒண்ணுதான், இன்சூரன்ஸ்ல வர்ற ஸீரோ டெப்ரிசியேஷன். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஸ்கூட்டர் பாடியை ஒரு தடவை தட்டிப் பாருங்க, பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனா அதை ஷோரூம்லதான் எடுக்கணும்னு இல்ல. எந்த இன்சூரன்ஸ் கம்பெனிங்கிறது உங்க இஷ்டம். "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது"ன்னு பயமுறுத்துவாங்க. அந்த கம்பெனியோட கேரேஜ் லிஸ்ட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். விலையை ஒப்பிடும்போது இரண்டு இடத்துலயும் ஐ.டி.வி. ஒண்ணா இருக்கணும். ஐ.டி.வி.யைக் குறைச்சுக் காட்டினா பிரீமியமும் குறைவாத்தான் தெரியும்.

"சார், எல்லாம் சேர்த்தே மாசம் 300 தான் கூடும்"னு ஒரு டயலாக் வரும். 9,000 ரூபாயை 12 சதவீதத்துல 36 மாசம் போட்டா இ.எம்.ஐ. கிட்டத்தட்ட 299. பொய் இல்ல. ஆனா கட்டி முடிக்கும்போது 10,760 ஆகியிருக்கும். ஆறு மாசத்துல போன பாலிஷுக்கு மூணு வருஷம் வட்டி.

என் ரூம்மேட் போன மாசம் பைக் எடுக்கப் போனான். நானும் கூடப் போனேன். அவன் சண்டையெல்லாம் போடல. "அண்ணா, இந்த ஆறு வரி இல்லாம ஒரு கொட்டேஷன் பிரிண்ட் போட்டுத் தாங்க"ன்னு மட்டும் கேட்டான். "கிட் போட்டா உடனே டெலிவரி, இல்லன்னா ஒரு மாசம் ஆகும்"னு பதில் வந்துச்சு. ஒண்ணு வாங்கினாத்தான் இன்னொண்ணு தருவேன்னு கட்டாயப்படுத்துறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தடுக்கப்பட்ட வணிக முறைன்னு அவனுக்குத் தெரியும். 1915-ங்கிற ஹெல்ப்லைன் நம்பரும் மொபைல்ல ரெடியா இருந்துச்சு. ஆனா அதுக்கு வேலையே வரல. "பரவால்லண்ணா, இன்னொரு டீலர்கிட்டயும் கேட்டுட்டு வர்றேன்"னு எழுந்தான். வாசல் தாண்டுறதுக்குள்ள கூப்பிட்டாங்க. ஹேண்ட்லிங், கோட்டிங், கிட், நம்பர் பிளேட் நாலும் போச்சு. வாரண்டியை அவனே வேண்டாம்னுட்டான். ரோட்சைடு அசிஸ்டன்ஸை மட்டும் வெச்சுக்கிட்டான். ஊருக்கு ராத்திரியில தனியா ஓட்டுறவன், அதுல தப்பில்ல.

எங்க ஸ்கூட்டர் நல்லாத்தான் ஓடுது. எக்ஸ்டெண்டட் வாரண்டி கார்டை அப்பா ஆர்.சி. புக்கோட ஒரே கவர்ல பத்திரமா வெச்சிருக்கார். போன வாரம் எடுத்து தேதி பாத்தேன். லோனோட கடைசி இ.எம்.ஐ. எந்த மாசம் முடியுதோ, அதே மாசம்தான் அந்த வாரண்டி ஆரம்பிக்குது.