விசில் வராத குக்கர்

அடுப்பில் குக்கரை ஏற்றி நெடுநேரமாகியும் விசில் வரவில்லை. தில்லியானாலும் சென்னையானாலும் சமையலறைகளில் அடிக்கடி நிகழும் தொல்லை இது. இதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது?

மூடிய கலத்தில் நீர் கொதிக்கும்போது எழும் ஆவி, வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தத்தை உயர்த்துகிறது. அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரியை எட்டுவதால் பருப்பு விரைவில் வேகிறது. ஏறக்குறைய 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் குறைவு. அங்கே திறந்த பாத்திரத்து நீர் 90 டிகிரியை எட்டுமுன்னரே கொதித்துவிடும். பருப்பு எளிதில் வேகாது. எனவே அவ்வூரில் குக்கர் பெருந்துணையாகிறது.

குக்கரில் அழுத்தம் நிலைக்காவிடில், ஆவி எவ்வழியே கசிகிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். மூடியின் விளிம்பில் கசிந்தால் காஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையத்தில் குறை உள்ளது. அதில் பருக்கை ஒட்டியிருந்தால் கழுவினால் போதும். இறுகியோ வெடித்தோ இருந்தால் புதியது மாற்ற வேண்டும். வெயிட்டின் அடியில் கசிந்தால், அது சரியாக அமரவில்லை எனலாம். பாதுகாப்பு வால்விலிருந்து ஆவி பீறிட்டால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். அதனை மாவாலோ கம்பியாலோ அடைத்தல் கூடாது.

கசிவு தொல்லை, அடைப்போ பேராபத்து. நீரும் தீயும் போதிய அளவு இருந்தும், ஆவி எங்கும் கசியாமல், விசிலும் வராமல் இருந்தால் ஆவிக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். அப்போது குக்கரை அசைக்காமல் அடுப்பை அணைத்து, அது முற்றிலும் ஆறிய பின்னரே திறக்க வேண்டும். மூடியை வலிந்து திறப்போர் மீது கொதிக்கும் உணவு தெறிக்கும். சமைக்குமுன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், நுரைத்துப் பொங்கும் பருப்பைப் பாதியளவுக்குமேல் நிரப்பாதிருப்பதும் அடைப்பைத் தவிர்க்கும்.

1679-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின் இத்தகைய கலத்தை இலண்டனில் செய்து காட்டினார். மிகுதியான அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வை அமைத்தவரும் அவரே. அழுத்தத்தைத் தேக்கக் கற்றவர், அதற்கு வழிவிடவும் கற்றிருந்தார். சமையலறையில் நிற்போர் அனைவரும் அறிய வேண்டிய பாடம் இதுவே.

சொற்பொருள்
கலம் – பாத்திரம்
பருக்கை – சோற்றின் ஒரு மணி
பீறிட்டால் – வேகமாக வெளிப்பட்டால்
வலிந்து – வலிமையைச் செலுத்தி

வினாக்கள்
1. லே நகரில் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாதது ஏன்?
2. மூடியின் விளிம்பில் ஆவி கசிந்தால் செய்ய வேண்டுவன யாவை?
3. ‘கசிவு தொல்லை, அடைப்போ பேராபத்து’ – விளக்குக.
4. வீட்டுக் குக்கரின் உறுப்புகளைப் பெரியோர் துணையுடன் பார்த்து, அவற்றின் பயனை ஐந்து தொடர்களில் எழுதுக.